காலிப் புட்டி திரும்பி வரும் தூரம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர்க் கடைத்தெருவில், நானும் நாத்தனாரும் நடத்தும் சிறு தொழிற்கூடத்தின் சீயக்காய்த் தூளையும் சோப்பையும் கூந்தல் எண்ணெயையும் வாங்கி விற்கும் மொத்த வியாபாரி ஒருவர், சென்ற மாதக் கணக்கை முடித்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தபடியே, "சரக்கு நல்லாத்தான் போவுதும்மா. ஆனா பாக்கெட்ல போடாம எப்படிப் பெருசா வளருவீங்க? அஞ்சு ரூபாய்க்கு ஒண்ணு போட்டுச் சரமாத் தொங்க விடுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்" என்றார். "யோசிக்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் வியாபாரக் கணக்குப்படி பிழை எதுவும் இல்லை. அதனால்தான் அதற்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

பாக்கெட் ஷாம்புவைப் பற்றிக் கடலூர்க்காரரிடம் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழக்கத்தைப் பரப்பிய முன்னோடியாகச் சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன் இந்த ஊரைச் சேர்ந்தவர். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலீட்டில் இதே ஊரில் தொடங்கிய சிக் இந்தியாதான் பின்னாளில் கெவின்கேர் என்று பெயர் பெற்றது. புட்டி ஷாம்பு வசதியுள்ள வீட்டுக் குளியலறையில் மட்டும் இருந்த காலத்தில், தினக்கூலி வாங்கும் பெண்ணும் கையிலிருக்கும் சில்லறையைக் கொடுத்து ஒரு நாள் தலைக்குளியலுக்கு ஷாம்பு வாங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது அந்தச் சிறு பாக்கெட். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்; என் அம்மாவும் பொங்கலுக்கு முந்தின நாள் அப்படி வாங்கியவர்தான்.

அந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வேறு ஒன்று. சிக் ஷாம்பு சந்தையில் காலூன்றப் போராடிக்கொண்டிருந்தபோது, எந்த நிறுவனத்தின் பாக்கெட்டானாலும் சரி, காலியான ஐந்தைக் கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்று ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். பிறகு அதைச் சிக் பாக்கெட்டுகளுக்கு மட்டும் என்று மாற்றினார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை அதற்குப் பிறகு 12 லட்சம் ரூபாயானது என்று ரங்கநாதன் சொல்லியிருக்கிறார். அது சுற்றுச்சூழலுக்காக வகுத்த திட்டம் அல்ல, விற்பனைக்காக வகுத்தது. ஆனாலும் ஒரு விஷயத்தை அது கண்முன்னே காட்டிவிட்டது: காலிப் பாக்கெட்டுக்கு ஒரு விலை இருந்தால், அது குப்பைமேட்டுக்குப் போகாமல் பெட்டிக் கடைக்கே திரும்பி வரும். திட்டம் முடிந்தது, காலிக்கு இருந்த விலையும் இல்லாமல் போயிற்று, பாக்கெட் மட்டும் தங்கிவிட்டது.

இன்றைக்கு அந்தக் காலிப் பாக்கெட்டை எந்தக் காயலான் கடையிலும் எடுப்பதில்லை. பாலியெஸ்டர், அலுமினியத் தாள், பாலித்தீன் என்று வெவ்வேறு பொருள்களை மெல்லிய அடுக்குகளாக ஒட்டிச் செய்வதால் அவற்றைப் பிரித்து மீண்டும் உருக்குவது கட்டுப்படியாகாது. எடையும் இல்லாததால் குப்பை பொறுக்குபவர் நாள் முழுதும் குனிந்து எடுத்தாலும் ஒரு கிலோ சேராது. 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2022இல் வந்த வழிகாட்டு நெறிகளும், உறையைச் சந்தையில் விட்ட நிறுவனமே அதைத் திரட்டும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கின்றன. எங்களைப் போன்ற குறு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. விலக்கு இருக்கிறது என்பதற்காக மனம் அமைதியாகிவிடுவதில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரோடு தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. வெள்ளம் வடிந்தபின் ஆல்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் நடந்தபோது, சீமைக்கருவேல முள்ளில் நீர் ஏறிய உயரம்வரை ஷாம்பு பாக்கெட்டுகள் கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தன, கடையில் சரம் தொங்குவதைப் போலவே. கைக்கெட்டிய ஒரு கிளையைப் பிரித்துப் பார்த்தேன். அதில் எங்கள் பெயர் அச்சிட்ட உறை ஒன்றும் இருந்தது.

அந்த உறையின் கதையையும் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய இரண்டாம் ஆண்டில், மண்ணில் முழுதாக மக்கிவிடும் என்று உறுதி சொன்ன ஒரு விற்பனையாளரிடமிருந்து சீயக்காய்த் தூளுக்கான உறைகளைச் சாதாரண பாலித்தீனைவிட மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கினோம். நாத்தனாருக்கு மட்டும் சந்தேகம் இருந்ததால், கொல்லைப்புறத் தென்னையின் அடியில் பத்து உறைகளைப் புதைத்து வைத்தார். பதினான்கு மாதம் கழித்துத் தோண்டியபோது அவை மக்கியிருக்கவில்லை. தொட்டால் நொறுங்கும் சிறு சிறு துணுக்குகளாகியிருந்தன. வழக்கமான பிளாஸ்டிக்கில் அதைச் சிதைக்கும் உப்புகளைக் கலந்து இப்படிச் செய்கிறார்கள் என்றும், ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையை 2021இலேயே தடை செய்துவிட்டது என்றும் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டோம். உண்மையாகவே மக்கக்கூடிய சோளமாவு வகையிலும் பல, அறுபது டிகிரி அளவு வெப்பம் தொடர்ந்து இருக்கும் உரக்கூடத்தில்தான் மக்கும். நம் வீட்டு எருக்குழியில் மக்காது. அன்றோடு தூளைத் தகர டப்பாவுக்கும் தடித்த காகிதப் பைக்கும் மாற்றினோம். முன்பு விற்ற உறைகளோ ஆற்றோடு போயிருந்தன.

இதே நேர்மையை எங்கள் சரக்கைப் பற்றியும் கடைப்பிடிக்க வேண்டும். "கெமிக்கல் இல்லாத சோப்பு" என்று நாங்கள் எங்கும் அச்சிடுவதில்லை. காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டிச் சோப்பு செய்ய முடியாது. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறத்தாழ 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். நாங்கள் 165 கிராமோடு நிறுத்திக்கொள்வதால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் தங்கித் தோலுக்கு மென்மை தருகிறது. கரைசலும் எண்ணெயும் சேர்ந்து தோசை மாவுப் பதத்துக்கு வந்ததும் அச்சில் ஊற்றி, மறுநாள் கம்பியால் அறுத்து, ஆறு வாரம் காற்றில் உலர விடுகிறோம். காரம் முழுவதும் சோப்பாகிவிடுகிறது, கிளிசரினும் உள்ளேயே தங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கடற்காற்றின் ஈரத்தை அந்தக் கிளிசரின் இழுத்துக்கொண்டு சோப்பின் மேல் முத்து முத்தாக வியர்க்கும். அந்த இரண்டு மாதமும் புதிய சோப்பு ஊற்றுவதைப் பாதியாகக் குறைத்துவிடுவோம். சிப்காட் இரசாயனத் தொழிற்பேட்டைக் காற்றின் நெடியை முகர்ந்து வளர்ந்த ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு இரசாயனம் என்ற சொல்லை வைத்து விளம்பரத்துக்காக விளையாட எனக்கு மனம் வரவில்லை.

வளர்ச்சி என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது தி பாடி ஷாப் என்ற அழகுப் பொருள் நிறுவனத்தை. 1976இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் அனிதா ரோடிக் ஒரு சிறிய கடையாக அதைத் திறந்தார். புதிய புட்டி வாங்கப் பணம் போதாததால், சிறுநீர்ப் பரிசோதனைக்குப் பயன்படும் மலிவான புட்டிகளில் சரக்கை அடைத்து, கையால் பெயர் எழுதி ஒட்டி, காலிப் புட்டியோடு வருபவருக்கு மீண்டும் நிரப்பிக் கொடுத்தார். கொள்கையாகப் பேசப்பட்ட அந்தப் பழக்கம் சிக்கனத்தில் பிறந்தது என்பது எனக்குத் தெம்பு தரும் செய்தி. மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் உள்ள டெடி எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனம் செய்த, உடம்பு பிடித்துவிடும் மர உருளைகள்கூட அந்தக் கடைகளில் விற்றன. விலங்குகள்மேல் அழகுப் பொருள்களைச் சோதிப்பதை எதிர்த்து பாடி ஷாப் முன்னின்று நடத்திய இயக்கத்தின் கோரிக்கை, 2013இல் ஐரோப்பாவிலும் 2014இல் இந்தியாவிலும் சட்டமாகவே வந்தது. இது சிறிய சாதனை அல்ல.

ஆனால் நிறுவனம் 1984இல் பங்குச் சந்தைக்குப் போனது. 2006இல் லோரியல் 65 கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்து அதை வாங்கியது. 2017இல் பிரேசிலின் நச்சுரா வாங்கியது. 2023 முடிவில் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போய், 2024 பிப்ரவரியில் பிரிட்டனில் திவால் நிர்வாகத்தின் கீழ் வந்தது. கை மாறிய ஒவ்வொரு முறையும் அதன் விலையைப் பேசினார்கள். காலிப் புட்டியோடு வந்த வாடிக்கையாளர் எந்த விலைப் பேச்சிலும் இடம்பெற்றிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

எங்கள் கணக்கு மிகச் சிறியது. கூந்தல் எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் தருகிறோம், புட்டிக்குத் தனியாக 15 ரூபாய் வாங்கி, திரும்பக் கொடுத்தால் தந்துவிடுகிறோம். கடலூரில் நூறு புட்டி போனால் அறுபதுக்கு மேல் திரும்புகிறது. புதுச்சேரியில் உள்ளூர்க்காரர்கள் வாங்கும் கடைகளிலும் பாதி வந்துவிடுகிறது. கடற்கரைப் பக்கம் சுற்றுலாப் பயணிகள் வாங்கும் கடையிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் வருவதில்லை. கண்ணாடி கனமானது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே பேருந்தில் ஏற்றிக் கொண்டுவந்து கழுவிப் பலமுறை பயன்படுத்தினால்தான் அது பிளாஸ்டிக்கைவிட மேல். பெங்களூருக்கு அனுப்பி, அது ஒரே தடவையில் குப்பைக்குப் போனால் அதைச் சுற்றுச்சூழல் நலன் என்று சொல்ல எனக்கு நா எழாது. ஆகவே சென்ற ஆண்டு முதல் வெளியூர் ஆர்டர்களுக்கு எண்ணெய் அனுப்புவதை நிறுத்திவிட்டு, காகிதம் சுற்றிய சோப்பும் தூளும் மட்டுமே அனுப்புகிறோம். விற்பனை குறைந்தது. நாத்தனாருக்கு இதில் இன்னும் முழு உடன்பாடு இல்லை. "சேலத்துல, தஞ்சாவூர்ல ஆளுங்களுக்குத் தொழிலைக் கத்துக் குடுத்து, அங்கங்கேயே செய்ய வைப்போம் அண்ணி" என்கிறார். அந்த வழியில் வளர்வதற்கு நான் முழுச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். காலிப் புட்டி திரும்பி வரும் தூரம்தான் எங்கள் ஒரு கூடத்தின் எல்லை. அதற்கு அப்பால் இன்னொரு கூடம் வரட்டும்.

திரும்பும் புட்டிகளைக் கழுவுவதற்கென்றே எங்களிடம் ஒரு அக்கா இருக்கிறார். வெந்நீரில் பூந்திக்கொட்டைத் தண்ணீர் கலந்து ஊறவைப்பதற்கு முன், ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். எங்கள் எண்ணெயின் கரிசலாங்கண்ணி வாசம் இருந்தால் ஒரு பக்கம், பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றி வைத்த வாடை இருந்தால் மறு பக்கம். நூற்றில் ஏழெட்டு அப்படி ஒதுங்கும். மீதியைக் கழுவி, வாய் கீழாக மூங்கில் தட்டில் கவிழ்த்து, வெயிலில் வைக்கிறார்.

மொத்த வியாபாரியிடம் சென்ற வாரம் இவ்வளவையும் சொன்னேன். பாக்கெட் போட மாட்டோம், ஆனால் கொஞ்சமாகத் தூள் கேட்பவருக்கு அவரவர் டப்பாவில் அளந்து கொடுக்க ஒரு டின் வைக்கிறோம், காலிப் புட்டி போட மேசைக்கடியில் ஒரு பிளாஸ்டிக் கிரேட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன். அவர் இடமில்லை என்று முதலில் சொல்லி, பிறகு அரிசி மூட்டையைத் தள்ளி வைத்தார். நேற்று கிரேட் நிறைந்துவிட்டது என்று தொலைபேசியில் கூப்பிட்டார். எண்ணிப் பார்த்ததில் நாற்பத்திரண்டு புட்டிகள். அதில் இரண்டு எங்களுடையவை அல்ல. யாரோ வேறு நிறுவனத்தின் புட்டியையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். அவற்றுக்கும் அவர் தம் பெட்டியிலிருந்து பதினைந்து பதினைந்து ரூபாய் கொடுத்திருந்தார். அந்த முப்பது ரூபாயை நான் எங்கள் கணக்கில் எழுதிக்கொண்டேன்.