கொடைக்கானல் கோபுரமும் ஊட்டி கோபுரமும்

கொடை எஃப்.எம். 100.5 மெகாஹெர்ட்ஸ், 10 கிலோவாட். மதுரையைத் தாண்டியும் கேட்பதற்கு வாட் மட்டும் காரணமில்லை; உயரம்தான். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் எட்டும் தூரம் கிலோமீட்டரில் வரும். சமவெளிக்கு மேல் 2,000 மீட்டர் என்றால் சுமார் 184 கிலோமீட்டர். ஆனால் குன்றுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தாக்கில், கிட்டத்திலிருந்தும் கரகரப்புதான்.

ஊட்டி வானொலியின் 1602 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை வேறு ரகம். அங்கே கோபுரமே ஆன்டெனா. அலைநீளம் 187 மீட்டர். கோபுரத்துக்கு வழக்கமான உயரம் அதில் கால் பங்கு, அதாவது சுமார் 47 மீட்டர். இந்த வகைக் கோபுரம் பீங்கான் இன்சுலேட்டர் மேல் நிற்கும், அடியிலிருந்து செம்புக் கம்பிகள் மண்ணுக்குள் சக்கர ஆரம்போல விரியும். பாறை நிலத்தில் மண்ணின் கடத்துதிறன் குறைவு என்பதால் அந்தக் கம்பிகளில் கஞ்சத்தனம் கூடாது.

மலையில் இடியைவிட நச்சரிப்பது மூடுபனி. டிரான்ஸ்மிட்டரிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் எஃப்.எம். ஃபீடர் கேபிளுக்குள் ஈரம் புகுந்தால் சக்தி திரும்பி வரும், டிரான்ஸ்மிட்டர் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் உலர்காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். அந்தக் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் நீல சிலிக்கா ஜெல் இளஞ்சிவப்பானால் உடனே மாற்ற வேண்டும்.