வெளிநாடு போய் வந்தவருக்குக் காய்ச்சல்: பேசஸ் தேர்வில் நான் கற்ற நாள் கணக்கு

எம்ஆர்சிபி பேசஸ் (பிரிட்டனின் மருத்துவர் தகுதித் தேர்வில், தேர்வாளர் முன்னால் நோயாளியைப் பார்த்துப் பேசும் பகுதி) தேர்வில் இரண்டாவது தடவைதான் தேறினேன். முதல் தடவை சறுக்கியது எனக்கு நன்றாகத் தெரிந்த நோயில் என்பது இன்றும் உறுத்துகிறது. தமிழ்நாட்டில் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது பல இரவுகளை டெங்கு வார்டில் கழித்தவன் நான். எனக்கே டெங்கு வந்திருக்கிறது. தாய்லாந்து போய் வந்த பெண், மூன்று நாள் காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி என்றதும் மனசு முடிவு கட்டிவிட்டது. என்ன டெஸ்ட் கேட்பீர்கள் என்றார் தேர்வாளர். டெங்கு ஐஜிஎம் (தொற்று வந்ததும் உடல் முதலில் உண்டாக்கும் ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம்) என்றேன். "மூன்றாம் நாளிலேயா?" என்று கேட்டார். பதில் வரவில்லை. மலேரியா என்ற சொல்லே என் வாயில் வரவில்லை என்பது வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

நம் ஊரில் படித்தவர்களுக்கு இந்த நோய்களைப் பற்றிய அறிவு குறைவில்லை. ஆனால் நாம் பார்த்த நோயாளிகள் இருந்த ஊரிலேயே கொசு கடித்து, அங்கேயே காய்ச்சலில் படுத்தவர்கள். எந்தத் தேதியில் எங்கே இருந்தீர்கள் என்று கேட்கும் பழக்கம் நமக்கு வந்திருக்காது. எனக்கு அதைப் பழக்கியவர் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், எங்கள் வார்டில் ரெஜிஸ்ட்ரார், அதாவது சிறப்புப் பயிற்சியில் இருக்கும் மூத்த டாக்டர். "தம்பி, டெஸ்டைப் பிறகு பாப்பம். முதல்ல நாளை எண்ணுங்கோ" என்பார். கையில் இருக்கும் தாளின் பின்பக்கத்தில் ஒரு கோடு இழுப்பார். கிளம்பிய நாள், ஊர் மாறிய நாள், திரும்பி விமானம் ஏறிய நாள், காய்ச்சல் தொடங்கிய நாள், இன்று. ஐந்து புள்ளிகள். தேர்வு நெருங்கிய நாட்களில் காய்ச்சல் என்று யார் வந்தாலும் நானும் அந்தக் கோட்டைப் போட்டுப் பழகினேன். நீங்களும் போடுங்கள்.

கோட்டில் இரண்டு இடைவெளிகள் முக்கியம். கடைசியாகக் கொசு கடித்திருக்கக்கூடிய நாளுக்கும் காய்ச்சல் தொடங்கியதற்கும் நடுவில் உள்ளது, எந்த வைரஸ் என்று யோசிப்பதற்கு. டெங்கு பெரும்பாலும் 4 முதல் 10 நாளில் வரும், மிஞ்சினால் 14. சிக்குன்குனியா 3 முதல் 7, மிஞ்சினால் 12. ஜிகா 3 முதல் 14. மஞ்சள் காய்ச்சல் 3 முதல் 6. ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் தொடங்கியதென்றால் இந்த நான்கையும் தாராளமாக அடித்துவிடலாம். மலேரியாவை மட்டும் அடிக்க முடியாது. மலேரியா உள்ள நாட்டுக்குப் போய் வந்தவர் என்றால் முதலில் கேட்கவேண்டியது அதற்கான ரத்தத் தடவலும் (ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) கிருமியின் புரதத்தைத் தேடும் ஆன்டிஜன் டெஸ்டும்தான். ஒரு தடவை நெகட்டிவ் வந்தால் போதாது, மூன்று தடவை பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது இடைவெளி, காய்ச்சல் தொடங்கியதிலிருந்து இன்று வரை. எந்த டெஸ்ட் என்பதை அது சொல்லிவிடும். முதல் ஐந்து நாள் வைரஸ் ரத்தத்திலேயே இருக்கும். அப்போது வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர், டெங்குவுக்கு அந்த வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1. ஐஜிஎம் நான்காம், ஐந்தாம் நாளுக்கு மேல்தான் தலைகாட்டும். மூன்றாம் நாளில் அது நெகட்டிவ் என்றால் நமக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம். ஜிகா ரத்தத்திலிருந்து சீக்கிரம் மறைந்துவிடும், சிறுநீரில் இன்னும் சில நாள் தங்கும். அதனால் ரத்தத்தோடு சிறுநீரும் அனுப்பவேண்டும்.

அடுத்து, பாசிட்டிவ் வந்த ஐஜிஎம்மை எப்படிப் படிப்பது. என் கணிப்பில் நல்ல மாணவரையும் சாதாரண மாணவரையும் தேர்வாளர் பிரித்துப் பார்ப்பது இங்கேதான். டெங்கு, ஜிகா, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் ஃபிளேவி வைரஸ் குடும்பம், முகச்சாயல் ஒன்று. ஒன்றுக்கு உண்டான ஆன்டிபாடி மற்றொன்றின் டெஸ்டிலும் ஒட்டிக்கொள்ளும். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு பிரேசில் போனவருக்கு டெங்கு ஐஜிஜி (ஐஜிஎம்முக்குப் பின் உண்டாகி நெடுநாள் தங்கும் ஆன்டிபாடி) பாசிட்டிவ் வரலாம். என்னைப் போல முன்பே டெங்கு வந்தவர் ஊருக்குப் போய்த் திரும்பி மறுபடி காய்ச்சலில் படுத்தால் கணக்கே மாறும்: ஐஜிஜி வேகமாக ஏறும், ஐஜிஎம் மங்கலாக வரும், சிலருக்கு வராமலே போகும், என்எஸ்1-உம் தவறலாம். தவிர, போன மாதத் தொற்றின் ஐஜிஎம் இன்னும் வடியாமல் இருக்கலாம். ஒரே ஒரு பாசிட்டிவை வைத்து "டெங்கு உறுதி" என்று சொல்லாதீர்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரி எடுத்து ஆன்டிபாடி அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா பார்ப்பேன், தேவைப்பட்டால் நியூட்ரலைசேஷன் டெஸ்ட் (அந்த ஆன்டிபாடி எந்த வைரஸை முடக்குகிறது என்று பார்ப்பது) கேட்பேன் என்று சொல்லுங்கள். சிக்குன்குனியா வேறு குடும்பம், ஆல்பா வைரஸ். ஃபிளேவி வைரஸ்களோடு அதற்கு இந்தக் குழப்பம் கிடையாது.

உடலைப் பார்க்கும்போது விரல் மூட்டு, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் வீங்கி, கையை மடக்க முடியாமல் இருந்தால் சிக்குன்குனியா பக்கம் சாயலாம். டெங்குவில் முதுகின் மேல் உள்ளங்கையை அழுத்தி எடுத்தால், சிவந்த தோலில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்து மெல்ல மறையும். கறுத்த தோலில் இது சரியாகத் தெரியாது. நம் ஆட்களைப் பார்க்கும்போது அதை நம்பி இருக்கவேண்டாம். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் டெங்குவில் ஆபத்தான நேரம் என்பதையும், டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுப்ரொஃபென், ஆஸ்பிரின் வேண்டாம் என்பதையும் நோயாளியிடமே சொல்லுங்கள்.

கொசுவோடு உண்ணியையும் மறக்கவேண்டாம். அது பூச்சி இனம் இல்லை, எட்டுக்கால் இனம். க்ரைமியன்-காங்கோ காய்ச்சல் முக்கியமாக அதன் வழியாக வருகிறது. அப்படிப்பட்ட ரத்தக்கசிவுக் காய்ச்சல் உள்ள பகுதியிலிருந்து வந்து 21 நாளுக்குள் காய்ச்சல் என்றால், ரத்தம் எடுக்கும் முன்பே தனி அறையும் தொற்றுநோய் மருத்துவருக்கு ஒரு போனும்.

பயணி ஒருவரின் காய்ச்சல் அவரோடு நிற்பதில்லை என்பதற்கு 2007-ஐ நினைவில் வையுங்கள். கேரளாவிலிருந்து இத்தாலியின் ரவென்னா மாகாணத்துக்கு உறவினரைப் பார்க்கப் போனவருக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் கோடையில் அங்கிருந்த ஏடிஸ் கொசு 200-க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிக்குன்குனியாவைப் பரப்பியது. காய்ச்சல் உள்ள முதல் வாரம் கொசு கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது தடவை எனக்கு வந்தவர், கரீபியன் போய் வந்த இளைஞர். கோட்டைப் போட்டேன். திரும்பி ஐந்து நாள், காய்ச்சல் இரண்டு நாள். மலேரியா, பிசிஆர், என்எஸ்1, சிறுநீர் என்று வரிசையாகச் சொன்னேன். அப்புறம் "உங்களுக்கு வேறு ஏதாவது கவலை இருக்கிறதா?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கி, மனைவி மூன்று மாதக் கர்ப்பம் என்றார். ஜிகா உடலுறவு வழியாகவும் பரவும், பிரசவம் வரை ஆணுறை பயன்படுத்துங்கள் என்று சொல்லி முடிக்கும்போது மணி அடித்தது.