எதிர்காத்தும் கரண்ட் சைக்கிளும்

"ஏத்தா, கார் ஓட்டிக்கிட்டு இருந்தவ சைக்கிளுக்கு வந்துட்டியே, மாப்பிள்ளைக்கு வேலை கீல போயிருச்சா?"

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல ஒரே ஒரு போட்டோ தான் போட்டேன், நான் வாங்குன பேட்டரி வச்ச கரண்ட் சைக்கிளைப் புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி. அதுக்கு ராமநாதபுரம் பக்கம் வேதாளையில இருந்து அயித்தை அனுப்புன வாய்ஸ் மெசேஜ் இது. மொதல்ல சிரிப்பு தான் வந்துச்சு. ரெண்டாவது தடவை கேட்டப்ப சுருக்குன்னு இருந்துச்சு, ஏன்னா அவங்க குரல்ல நெசமாவே பதட்டம், கடைசியில "பணம் எதுவும் வேணும்னா சொல்லுத்தா, சங்கடப்படாத"ன்னு வேற முடிக்கிறாங்க. மீன் வித்து சேத்த காசை எனக்கு அனுப்பி வைக்க ரெடியா இருக்காங்க அந்த மனுஷி.

அவங்கள சொல்லிக் குத்தமில்ல. ராமநாதபுரம் கடக்கரை ஊர் எதுவா இருந்தாலும் கணக்கு ஒண்ணு தான், சைக்கிள்ல இருந்து டிவிஎஸ் எக்ஸெல், எக்ஸெல்ல இருந்து பைக், பைக்ல இருந்து கார். ஏறுனவங்க இறங்கக் கூடாது. வெளிநாட்டுக்குப் போனவங்க இறங்கவே கூடாது.

நாங்க இருக்கிறது நெதர்லாந்துல ஐந்தோவன். ஆபீஸ் பக்கத்து ஊரு ஃபெல்ட்ஹோவன்ல, வீட்டுல இருந்து எட்டு கிலோமீட்டர். இங்க பெட்ரோல் லிட்டர் ரெண்டு யூரோவை ஒட்டியே நிக்கும், நாப்பது லிட்டர் போட்டா எம்பது யூரோ, நம்ம காசுக்கு ஏழாயிரத்துக்கு மேல. இதுல இன்னொரு விஷயம், குளிர்ல நிக்கிற இன்ஜின் சூடாகுறதுக்குள்ளயே எட்டு கிலோமீட்டர் முடிஞ்சிரும், அந்த மாதிரி சின்ன ஓட்டத்துல தான் கார் பெட்ரோலை அதிகமா குடிக்கும். டவுனுக்குள்ள நூறு கிலோமீட்டருக்கு ஏழு எட்டு லிட்டர், அதாவது பதினஞ்சு யூரோ. அதே நூறு கிலோமீட்டர் இந்த சைக்கிளுக்கு ஒரு யூனிட் கரண்ட், முப்பது நாப்பது சென்ட். எங்க வீட்டுல இவரு பேப்பர்ல எழுதிக் காட்டுனப்ப நான் நம்பாம திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அதே தான் வந்துச்சு.

மொதல்லயே காசு போகுது, அதையும் சொல்லணும். புதுசு நல்லதா வேணும்னா ரெண்டாயிரம் யூரோவுக்கு மேல ஆகும், அதனால செகண்ட் ஹேண்ட்ல தான் வாங்குனோம், சில வருஷம் கழிச்சு பேட்டரி மாத்துனா அது பல நூறு யூரோ. கார் வீட்டுல நிக்கிறதுக்கும் இன்சூரன்ஸ், ரோடு டாக்ஸ் கட்டித்தான் ஆகணும். ஆனா இங்க ஒரு நல்ல வழக்கம், ஆபீஸ் வந்து போறதுக்கு கம்பெனி வரி இல்லாம குடுக்கிற காசு கார்ல வந்தாலும் சைக்கிள்ல வந்தாலும் ஒரே ரேட், 2024ல அதை கிலோமீட்டருக்கு 23 சென்ட்டா ஏத்துனாங்க. பெட்ரோலே போடாம அந்தக் காசு கையில நிக்குது. காரை இப்ப தமிழ்க்கடைக்கு அரிசி மூட்டை எடுக்கப் போகத்தான் எடுக்குறோம்.

காசுக்காகத்தான் வாங்குனேன், ஆனா எனக்கு அது மேல பைத்தியம் புடிச்சது காத்தால.

இந்த நாட்டுல பெரும்பாலும் மலை கிடையாது, மேடு கிடையாது, அதுக்குப் பதிலா எதிர்காத்து. தென்மேற்கு காத்து தான் அதிகம், மூஞ்சியில அடிக்கும், நம்ம ஊர் மேல்காத்து கச்சான் மாதிரியே தான், என்ன ஒண்ணு மழையோட குளிர்ந்து வரும். இங்க ஹோவன்ரிங்னு ஒரு பாலம் இருக்கு, கீழ கார் போகும், மேல வட்டமா அந்தரத்துல சைக்கிளுக்கு மட்டும் தனி ரோடு, நடுவுல எழுபது மீட்டர் தூண், அதுல இருந்து 24 இரும்புக் கம்பியில தொங்குது. கட்டி முடிச்ச பிறகு காத்துல கம்பி அதிருதுன்னு மூடிட்டு, சரி பண்ணி 2012ல திறந்தாங்க. மொத தடவை அதுல ஏறுனப்ப நான் ஐந்தோவன்லயே இல்ல. பாம்பன்ல நிக்கிறேன். அப்பல்லாம் பழைய ரயில் பாலத்துல காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டுனா ரயிலை நிறுத்திருவாங்கல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நாங்க எல்லாம் ரோடு பாலத்துல துப்பட்டாவை வாயில கடிச்சுக்கிட்டு நின்னு வேடிக்கை பாப்போமே, அது.

பதினொண்ணாம் வகுப்புல கவர்மெண்ட் சைக்கிள் குடுத்தாங்க. வாங்குன வாரத்துலயே உப்புக்காத்துல ரிம்மு தவிட்டு நிறமாயிருச்சு. ஆடி மாசத்துல மேற்க போகும்போது சீட்ல உக்கார முடியாது, எந்திரிச்சு நின்னு மிதிக்கணும். எனக்கு முதுகுல புஸ்தகப் பை மட்டும் தான். எங்க அப்பாவுக்கு பின் கேரியர்ல மீன் பெட்டி, ஐஸு, தராசு. விடியுறதுக்கு முன்னாடி கரையில ஏலம் எடுத்து, சூடை, காரல், நகரை மீனெல்லாம் கட்டிக்கிட்டு உச்சிப்புளி, பெருங்குளம் பக்கம் போவாரு, மேற்க தான், கச்சானுக்கு நேரா. கரை மணல்ல சைக்கிள் உருளாது, ரோடு வர்ற வரைக்கும் நானும் தம்பியும் பெட்டியில கை குடுத்து தள்ளுவோம். கை எல்லாம் மீன் தண்ணி. தாரு ரோடு வந்ததும் அவரு ஏறி ஒரு மிதி மிதிப்பாரு, நாங்க இன்னும் கொஞ்ச தூரம் தள்ளிக்கிட்டே ஓடுவோம், "போதும்டா"ன்னு திரும்பிப் பாக்காமயே சொல்லுவாரு.

இந்த மோட்டர் பண்றது அதே வேலை தான். மிதிக்காம ஓடாது, மிதிச்சா பின்னாடி இருந்து ஒரு ஆள் தள்ளுற மாதிரி கூட வரும், 25 கிலோமீட்டர் வேகம் வந்ததும் விட்டுரும். 250 வாட் தான், அதுக்கு மேல போனா சட்டப்படி சைக்கிள் கணக்குல வராது. எதிர்காத்துல பேட்டரி சீக்கிரம் இறங்கும், ஆனா இடுப்பு ஒடியாது. எழுவது வயசு பாட்டி ஒருத்தங்க மழைக்கோட்டு போட்டுக்கிட்டு சாவகாசமா என்னைய முந்திப் போறாங்க. முன்னாடி பெரிய மரப்பெட்டி வச்ச சைக்கிள்ல ரெண்டு மூணு பிள்ளைகளை உக்கார வச்சு, மேல காய்கறிப் பையும் போட்டு ஒரு அம்மா எதிர்காத்துல பேசிக்கிட்டே போறாங்க. அந்தப் பெட்டியைப் பாத்த அன்னைக்கு எனக்கு ஆபீஸ்ல வேலை ஓடல. அந்தப் பெட்டிக்குள்ள எங்க அப்பாவோட மீன் மொத்தமும் அடங்கும்.

இங்க நான் நல்லா ஊனிக்கிட்டேன். டச்சுல கடைக்காரர்கிட்ட பேசுவேன், பனி விழுந்தாலும் சைக்கிளை எடுப்பேன், வந்ததும் பேட்டரியை மட்டும் கழட்டி வீட்டுக்குள்ள வச்சிருவேன், உறையுற குளிர்ல சார்ஜ் போட்டா கெட்டுப்போகும். பனிக்காலத்துல வழுக்காம இருக்க சைக்கிள் பாதையிலயும் உப்பு தெளிப்பாங்க, வந்ததும் செயினைத் துடைக்கணும். துடைக்கும்போது மண்ணெண்ணெய் வாடை வரணும்னு மூக்கு தேடுது, அப்பா சாயங்காலம் வாசல்ல உக்காந்து பழைய பனியன் துணியில செயினைத் துடைப்பாரே அந்த வாடை, இங்க இருக்கிற ஸ்ப்ரேல அது வராது.

அப்பா எக்ஸெல்லுக்கு மாறி பல வருஷம் ஆச்சு. முட்டி தேஞ்சு போனதால மாறுனாரு. 2021ல நம்ம பக்கம் பெட்ரோல் நூறு ரூவாயைத் தாண்டுனதுல இருந்து, யாவாரம் முடிஞ்சு காசை எண்ணும்போது மொதல்ல பெட்ரோலுக்கு எடுத்து தனியா மடிச்சு வச்சிட்டுத்தான் மிச்சத்தை அம்மா கையில குடுக்குறாரு. மீன் கம்மியா படுற நாள்லயும் அந்த மடிப்பு மட்டும் கொறையாது. இது தான் எனக்கு ஆத்தாமையா இருக்கு. நம்ம ஊர்லயும் 250 வாட்டுக்குள்ள, 25 கிலோமீட்டருக்குள்ள இருந்தா லைசென்ஸும் வேணாம், ரிஜிஸ்ட்ரேஷனும் வேணாம். ஒரு தடவை ஃபுல் சார்ஜுக்கு அரை யூனிட் தான், ரெண்டு மாசம் தினம் போட்டாலும் முப்பது யூனிட், வீட்டுக்கு ஃப்ரீயா குடுக்கிற நூறு யூனிட்லயே அடங்கிரும். கமுதியில 648 மெகாவாட் சோலார் நிக்கிற மாவட்டம் இது. பதினொண்ணாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சைக்கிள் குடுத்த அரசாங்கம் மீன் யாவாரிகளுக்கு மோட்டர் வச்ச பெட்டி சைக்கிள் குடுத்தா எத்தனை வீட்டுல அந்த மடிப்பு மிச்சமாகும்!

அயித்தைக்கு போன் பண்ணி எல்லாத்தையும் வெவரமா சொன்னேன். "அப்ப ஒங்கப்பனுக்கு ஒண்ணு வாங்கிக் குடுக்க வேண்டியது தானே"ன்னு அவங்க தான் மொதல்ல கேட்டாங்க. அப்பா போனை வாங்கி கேள்வியா கேக்குறாரு, மழையில நனைஞ்சா என்ன ஆகும், மீன் தண்ணி வடிஞ்சா மோட்டருக்குள்ள எறங்குமா, மணல்ல இழுக்குமா. எல்லாம் சரியான கேள்வி. பேட்டரியை நம்ம வெயில்ல போட்டு வைக்கக் கூடாது, வந்த சூட்டோட சார்ஜ் போடக் கூடாதுன்னு நானும் சொல்லி வச்சிருக்கேன். ராம்நாட்ல ஒரு கடையில பாரம் எவ்வளவுன்னு தெரிஞ்சா தான் ஃப்ரேம் சொல்ல முடியும்ங்கிறாங்க, அதனால ஐஸோட சேத்து பெட்டியை எடை போட்டு அனுப்பச் சொல்லியிருக்கேன் தம்பிகிட்ட, சூடை நல்லா படுற நாள்ல எவ்வளவு, சும்மா நாள்ல எவ்வளவு, ரெண்டும்.