அம்மாவின் பாஸ்புக்கில் மூன்று வரிகள்

9 அக்டோபர் 2023, திங்கள்

ஊரிலிருந்து அம்மா இன்று சொல்லாமல் கொள்ளாமல் புதுக்கோட்டைக்கு வந்துவிட்டார். காலையில் வங்கிக் கிளைக்குப் போய்ப் பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து வாங்கியவர், மிச்சத் தொகையைப் பார்த்ததும் அங்கிருந்தே பஸ் ஏறியிருக்கிறார். செப்டம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாட்களில் 10,000, 10,000, 9,500 என மொத்தம் 29,500 ரூபாய் எடுக்கப்பட்டிருந்தது, மிச்சம் 1,740. நூறு நாள் வேலைக்கு இந்த ஆண்டு தமிழ்நாட்டில் நிர்ணயித்திருக்கும் 294 ரூபாய் கூலி ஒரு நாள்கூடக் குறையாமல் கிடைத்தாலும், அந்தத் தொகையைச் சேர்க்க நூறு நாளுக்கு மேல் மண் சுமக்க வேண்டும்.

அம்மாவின் கணக்கு குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு. அதற்கு ஏடிஎம் கார்டு வாங்கவில்லை, கைப்பேசி எண்ணும் பதியவில்லை; ஆகவே யாரும் ஓடிபி கேட்டு ஏமாற்றியிருக்க வழியே இல்லை. மூன்று வரிகளிலும் 'ஏஇபிஎஸ்' என்று அச்சாகியிருந்தது. ஆதார் எண்ணையும் வங்கியின் பெயரையும் சொல்லி, முகவரின் கருவியில் விரலை வைத்துப் பணம் எடுக்கும் முறை அது. கூலி வந்து சேர்வதற்காக அம்மாவின் கணக்கோடு ஆதாரை இணைத்திருந்தோம். அதே இணைப்பின் வழியாகப் பணம் வெளியேயும் போகும் என்று அன்றைக்கு எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இரவு எட்டு மணிக்கு, இணையவழிப் பண மோசடிகளைப் புகார் செய்வதற்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிந்தேன். ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குப் போன பணத்தை, உடனே சொன்னால், வழியிலேயே நிறுத்தி வைக்க அவர்களால் முடியும். இங்கே போனது ரொக்கம், அதுவும் இரண்டு வாரத்துக்கு முன்பே. ஆனாலும் புகார் எண் கையில் இருக்க வேண்டும் என்பதால் குறித்துக்கொண்டேன்.

10 அக்டோபர், செவ்வாய்

விடுப்பு எடுத்துக்கொண்டு அம்மாவோடு கிளைக்குப் போனேன். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அவர் சொன்னது இரண்டே விஷயம்: கைரேகை பொருந்தியிருப்பதால் பணத்தை அம்மாவே எடுத்திருக்க வேண்டும், அப்படி இல்லையென்றாலும் மூன்று நாளுக்குள் வந்திருக்க வேண்டும், இப்போது காலம் கடந்துவிட்டது.

இந்த இரண்டாவது பதிலைக் கேட்டுவிட்டுத்தான் பலர் வீடு திரும்புகிறார்கள் என்பதால் இதை விரிவாகவே எழுதுகிறேன். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லாமல் வாடிக்கையாளரிடமும் இல்லாமல் இடையில் வேறெங்கோ நடந்திருந்தால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவர் ஒரு ரூபாய்கூட இழக்க வேண்டியதில்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் தெரிவித்தால், அம்மாவுடையதைப் போன்ற அடிப்படைக் கணக்குகளில் அவர் ஏற்க வேண்டிய இழப்பு அதிகபட்சம் 5,000 ரூபாய். அதற்கும் பிந்தினால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி முடிவாகும். ஆனால் இந்த நாட்களைப் பணம் போன தேதியிலிருந்து எண்ணக் கூடாது. பணம் போன செய்தி வங்கியிடமிருந்து வாடிக்கையாளருக்குக் கிடைத்த நாளை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வேலை நாளிலிருந்து எண்ண வேண்டும். வாடிக்கையாளரைக் குறுஞ்செய்தி எச்சரிக்கைக்குக் கட்டாயம் பதிய வைக்க வேண்டும் என்று வங்கிகளுக்குச் சொன்னதும் அதே சுற்றறிக்கைதான். எண்ணே பதியாத கணக்குக்குக் குறுஞ்செய்தி எப்படி வரும்? அம்மாவுக்கு வங்கி தந்த முதல் தகவல் நேற்று பாஸ்புக்கில் அச்சான அந்த மூன்று வரிகள்தான். ஆகவே இன்று முதல் வேலை நாள்.

இதையெல்லாம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிய பிறகுதான் எழுந்தோம். முத்திரை வைக்க முக்கால் மணி நேரம் யோசித்தார்கள். ஆதார் வழியாகப் பணம் எடுக்கும் வசதியை அம்மாவின் கணக்கில் நிறுத்தி வைக்கவும் தனியாக ஒரு கடிதம் கொடுத்தோம்.

11 அக்டோபர், புதன்

கைரேகை பொருந்திவிட்டது என்பதையே முடிந்த முடிவாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பத்திரத்தில் வைத்த ரேகையைப் படியெடுத்து ரப்பரில் வார்த்துவிடலாம் என்பது 2018இல் தெலங்கானாவிலேயே வெளிவந்துவிட்டது; அங்கே ஒருவர் நிலப் பதிவு ஆவணங்களிலிருந்து எடுத்த ரேகைகளைக் கொண்டு சிம் கார்டுகளை இயக்கியிருந்தார். ஓடிபி வெளியே போனால் அடுத்தது வேறு எண், கடவுச்சொல் போனால் மாற்றிக்கொள்ளலாம். விரலை மாற்ற முடியாது. திருடு போனால் மாற்ற முடியாத ஒன்றைச் சாவியாக ஆக்கியவர்கள், அந்தச் சாவி ஒரு முறை திரும்பியதையே சாட்சியமாக நீட்டுவது நியாயம் ஆகாது. பணத்தை எடுத்தது வாடிக்கையாளர்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியைச் சேர்ந்தது என அதே சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது.

அம்மாவிடம் அதைவிட வலுவான சான்று ஒன்று இருக்கிறது. அந்த மூன்று நாளும் அவர் கண்மாய் வேலையில் இருந்தார். நூறு நாள் வேலையில் இந்த ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து, வேலை நடக்கும் இடத்திலேயே நாளுக்கு இரண்டு முறை படம் எடுத்துச் செயலியில் ஏற்றித்தான் வருகை பதிகிறார்கள். அந்தப் படங்களைப் பணித்தளப் பொறுப்பாளரின் உதவியோடு எடுத்துவிட்டேன். 26ஆம் தேதிப் படத்தில் இரண்டாவது வரிசையில், தலையில் சும்மாட்டோடு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அம்மா நிற்கிறார். பணமோ வட மாநிலம் ஒன்றில் இருக்கும் முகவரின் கருவியில் எடுக்கப்பட்டிருக்கிறது.

14 அக்டோபர், சனி

எம்ஆதார் செயலியில் அம்மாவின் கைரேகையைப் பூட்டிவிட்டேன். ஆதாரில் என் எண் பதிவாகியிருந்ததால் முடிந்தது. ஆனால் பூட்டிய விரல் ரேஷன் கடையிலும் வேலை செய்யாது. தேவைப்படும்போது பத்து நிமிடத்துக்கு மட்டும் திறக்கலாம். ஆகவே அம்மா ரேஷன் வரிசையில் முன்னுக்கு வந்ததும் பக்கத்தில் நிற்பவரின் கைப்பேசியிலிருந்து என்னை அழைக்க வேண்டும், நான் இங்கிருந்து திறக்க வேண்டும். மகளோ மகனோ அழைத்தவுடன் எடுக்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்தால் மனம் ஆறவில்லை.

25 அக்டோபர், புதன்

ஆயுத பூஜைக்கும் விஜயதசமிக்கும் வங்கி விடுமுறை என்பதால், புகார் கொடுத்ததிலிருந்து பத்தாவது வேலை நாள் இன்றுதான் வருகிறது. இந்தப் பத்து நாளுக்குள், விசாரணை முடியும்வரை காத்திராமல், தொகையைக் கணக்கில் வரவு வைத்துவிட வேண்டும் என்பது விதி. வரவு வைக்கவில்லை. மாலையில் கடிதம் மட்டும் வந்தது: 'பரிவர்த்தனை வெற்றிகரமாக அங்கீகரிக்கப்பட்டுள்ளதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை.' சுற்றறிக்கையின் பத்திகளைக் குறிப்பிட்டுப் பதில் எழுதி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.

10 நவம்பர், வெள்ளி

முப்பது நாள் முடிந்துவிட்டதால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு இணையத்தில் புகார் அனுப்பினேன். தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்களை 2021 நவம்பரில் ஒன்றாக்கிய திட்டம் இது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. முத்திரை வைத்த பிரதி, வங்கியின் மறுப்பு, 1930 புகார் எண், மூன்று நாள் வருகைப் படங்கள் என நான்கையும் இணைத்தேன். அன்றைக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து வாங்கிய முத்திரை இன்று கைகொடுத்தது.

21 டிசம்பர், வியாழன்

29,500 ரூபாய் நேற்று கணக்கில் வந்துவிட்டது. அம்மா கிளைக்குப் போய்ப் பாஸ்புக்கில் பதிந்து, நேராக இங்கே கொண்டு வந்து, அந்த வரியை எனக்கு விரலால் தொட்டுக் காட்டினார்.

கூடவே வங்கியின் கடிதமும் வந்திருக்கிறது. 'நல்லெண்ண அடிப்படையில்' தொகை வழங்கப்பட்டதாக எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டி, அந்தச் சொல்லுக்குப் பொருளும் சொன்னேன். 'நம்ம காசைக் குடுக்கிறதுக்கு எதுக்கு ஆத்தா நல்லெண்ணம்?' என்று கேட்டார். அதையே கடிதமாக்கினேன். வரவு டிசம்பர் 20ஆம் தேதியிட்டு வைக்கப்பட்டிருக்கிறது; பணம் போன செப்டம்பர் தேதிகளிலிருந்தே அதைக் கணக்கிட்டு வட்டியைச் சேர்க்க வேண்டும், தொகை சிறியது என்பதற்காக விட்டுவிட முடியாது. மேலும், விதிப்படி திருப்பப்பட்டது என்று கடிதத்தைத் திருத்தித் தர வேண்டும்.

கையெழுத்துப் போட அம்மா மூக்குக் கண்ணாடியைத் தேடினார். அவர் எழுதப் படித்தது, 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அரிக்கேன் விளக்கடியில், கைநாட்டு வைக்கக் கூடாது என்ற ஒரே பிடிவாதத்தில். பேனாவை அழுத்திப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, இரண்டு பிரதியிலும் பெயரை எழுதி முடித்தார். நாளை காலை பத்து மணிக்குக் கிளையில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும்.