தக்காளிப் பூவில் பழுப்புத் தழும்பு

கீழ்க்கொத்துகளில் காய் பிடித்துவிட்டது, நுனிப் பூ வரைக்கும்! போன வருடம் மகரந்தம் கொட்டட்டும் என்று மின்சாரப் பல்துலக்கியைக் காம்பில் வைத்து அதிரவிட்டும் பாதி பூ உதிர்ந்தது. இங்கே ஒன்ராறியோவில், லெமிங்டன் பக்கம் ஏக்கர் கணக்கில் பசுமைக்குடில் போட்டவர்கள் அந்த வேலைக்குப் பம்பிள்பீ என்கிற குண்டுத் தேனீக் கூட்டத்தைப் பெட்டியோடு வாங்கி வைக்கிறார்கள். கொல்லைப்புறக் குடிலுக்கு அது தாங்குமா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

கவலை வீண் போகவில்லை. இருப்பதிலேயே சின்னப் பெட்டி வாங்கியும் கூட்டம் பெரிது, பூ கொஞ்சம். பம்பிள்பீ பூவின் நடுவிலிருக்கும் மகரந்தக் கூம்பைக் கடித்துப் பிடித்துத் தொங்கிக்கொண்டுதான் உதறும். கடித்த இடம் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும். இளம்பழுப்பில் லேசான தழும்பு இருந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கூம்பே கருத்துக் கிடந்தால் வந்தவை அளவுக்கு மேல், அந்தப் பூ உதிரப் பார்க்கும். இன்று விரிந்த பூவில் தழும்பைத் தேடிப் பயனில்லை, நேற்று விரிந்ததைப் பாருங்கள். தினமும் லென்ஸோடு நிற்கிறேன், வீட்டில் ஒரே கேலி.

கடைசியில் வழி கிடைத்தது பெட்டியின் வாசலில். ஒரு துளையில் போகலாம் வரலாம், இன்னொன்றில் உள்ளே வர மட்டும்தான் முடியும். மருந்து அடிக்கும் நாளுக்காகச் செய்த ஏற்பாடு அது. நான் அதையே தினப்படி வழக்கமாக்கிவிட்டேன். காலையில் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, தழும்பைப் பார்த்து, போகும் வழியை மூடிவிடுவேன். வெளியே இருப்பவை ஒவ்வொன்றாக வந்து அடைந்துவிடும். வெயில் ஏறிக் குடில் 30 டிகிரியைத் தாண்டினால் எப்படியும் அவை பூவுக்குப் போகாது, கூட்டை விசிறிக்கொண்டு உட்கார்ந்துவிடும். அதனால் பெட்டிக்கு நிழல் கட்டாயம்.

தக்காளிப் பூவில் தேன் இல்லாததால் சர்க்கரைப் பாகு பெட்டியோடேயே வருகிறது. ஆனால் பூ குறைந்த வாரத்துக்குக் குஞ்சுகளுக்கு மகரந்தம் வேண்டுமே? விற்றவரிடம் கேட்டால், "அதெல்லாம் பெரிய பண்ணைகளுக்குத்தான்" என்கிறார். பெட்டிக்கு வாங்கிய காசு மட்டும் பண்ணைக் காசு! சரி போகட்டும் என்று செர்ரித் தக்காளித் தொட்டிகளை உள்ளே இழுத்துப் போட்டுப் பூவைக் கூட்டியிருக்கிறேன்.

மேல்கொத்துகள் இன்னும் மொட்டுதான். அதற்குள் கத்தரி நாற்றும் விட்டாயிற்று, அதுவும் உதறினால் மகரந்தம் கொட்டுகிற ரகம்தானே. ஒரு பெட்டி எட்டு, பத்து வாரம் ஓடும் என்கிறார்கள். அதற்குள் கத்தரி பூத்துவிட்டால் இன்னொரு பெட்டிச் செலவு மிச்சம்.