ஐந்து நொடி பின்னே செல்ல ஒரு விசை

கடலூர் மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தபடியே ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தருவது என் தொழில். சென்ற மழைக்காலத்தில், தேவனாம்பட்டினத்து மீனவர்களிடம் ஆய்வு மாணவி ஒருவர் எடுத்த நேர்காணல்கள் என்னிடம் வந்தன. காற்றின் பெயர்களையும் வலைகளின் பெயர்களையும் பெரியவர்கள் கடகடவென்று சொல்லிக்கொண்டே போவார்கள். ஒரு சொல் தவறினால் பின்னே போய்க் கேட்டாக வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்திருப்பதால் இரண்டு கைகளுக்கும் ஓய்வில்லை. ஒவ்வொரு முறையும் மௌஸைப் பிடித்து ஒலிப்பதிவு ஓடும் விஎல்சி இயக்கியின் சாளரத்துக்குப் போய்த் திரும்பினால் வேலையின் ஓட்டமே அறுந்துவிடுகிறது.

என் மடிக்கணினியின் வலது மேல் மூலையில், விண்டோஸில் தயாரிப்பாளரின் மென்பொருளைத் திறப்பதற்கென்று வைக்கப்பட்ட தனி விசை ஒன்று, நான் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்துக்கு மாறிய நாள்முதல் பயனின்றிக் கிடந்தது. ஒலிப்பதிவை ஐந்து நொடி பின்னே கொண்டுபோகும் வேலையை அதற்குக் கொடுக்க எண்ணினேன். எஃப்1 முதல் எஃப்12 வரையிலான வரிசையில் நான் கைவைக்கவில்லை. எஃப்2, எஃப்5 எனக்கு அன்றாடம் வேண்டும். எஃப்என் விசையோ பெரும்பாலான மடிக்கணினிகளில் வன்பொருளுக்குள்ளேயே கையாளப்பட்டுவிடுவதால் இயங்குதளத்தின் கைக்கு எட்டுவதில்லை.

விசைகளுக்கு வேலை ஒதுக்கும் குறுக்குவழி அமைப்பில் அந்த விசையை அழுத்தினேன். எந்த அசைவும் இல்லை. பழுதுபார்க்கும் கடைக்காரர், "விசைப்பலகையையே மாற்றிவிடுங்கள் சார்" என்றார். விண்டோஸில் ஒழுங்காக இயங்கிய விசை என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றிரவு இயங்குதளத்தின் கருவான கெர்னலின் பதிவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தபோது, அறியப்படாத விசை அழுத்தப்பட்டது என்ற வரியும் அந்த விசை அனுப்பும் அடையாள எண்ணான ஸ்கேன் குறியீடும் வந்து விழுந்தன. விசை பேசிக்கொண்டுதான் இருந்தது. கெர்னலுக்குத்தான் அதன் பெயர் தெரியவில்லை.

பெயர் சொல்லித்தர, லினக்ஸில் வன்பொருள்களைக் கவனிக்கும் யூடெவின் வன்பொருள் தரவுக் கோப்பு ஒன்று எழுத வேண்டும்: முதல் வரியில் கணினியின் மாதிரி, அடுத்த வரியில் ஸ்கேன் குறியீடும் விசைப் பெயரும். அந்த இரண்டாம் வரியின் தொடக்கத்தில் ஓர் இடைவெளி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் ஒரு மாலைப்பொழுது முழுவதையும் இழந்தேன். கோப்பை மாற்றும்தோறும் தரவுத்தளத்தைப் புதுப்பித்து, யூடெவை மறுபடி தூண்டிவிடவும் வேண்டும்.

அதன் பிறகும் சிக்கல் தீரவில்லை. பொருத்தமாகத் தோன்றியதால் 'மேக்ரோ1' என்ற பெயரைக் கொடுத்திருந்தேன். விசை அழுத்தங்களைக் காட்டும் ஈவிடெஸ்ட் கருவியில் அது தெளிவாகத் தெரிந்தது, திரைச்சூழலிலோ ஒன்றும் நடக்கவில்லை. கெர்னலில் ஒவ்வொரு விசைப் பெயருக்கும் ஓர் எண் உண்டு; மேக்ரோ1 என்பதன் எண் 656. திரைச்சூழலுக்கு அடியில் இயங்கும் எக்ஸ்11 ஏற்கும் விசை எண்கள் 8 முதல் 255 வரைதான். கெர்னலின் எண்ணோடு 8 கூட்டப்படுவதால், 247க்கு மேற்பட்ட விசை எதுவும் அதன் கண்ணில் படாது. எண் 148 உடைய 'ப்ரோக்1' என்று மாற்றியதும் குறுக்குவழி அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. அதற்கு, ஒலி இயக்கிகளைக் கட்டளை வழியே இயக்கும் 'ப்ளேயர்சிடிஎல்' கருவியின் ஐந்து நொடி பின்செல்லும் கட்டளையைக் கொடுத்தேன்.

முதல் அழுத்தத்திலேயே ஒலிப்பதிவு நிற்காமல் பின்னே ஓடி, நேர்காணலின் தொடக்கத்துக்கே போய்விட்டது. கெர்னலின் பழைய பதிவுகளைத் திரும்பப் படித்தபோதுதான் விளங்கியது: அழுத்தப்பட்டது என்ற வரி இருந்ததே தவிர, விடப்பட்டது என்ற வரி எங்குமில்லை. இந்த விசை, விரலை எடுத்த செய்தியை அனுப்புவதே இல்லை. ஆகவே நான் இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கணினி நம்புகிறது. இத்தகைய விசைகளுக்கென்றே ஒரு வழி உண்டு. கோப்பில் விசைப் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி இட்டால், விட்டுவிட்டதாகக் கெர்னலே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்த ஒற்றைக் குறியை இட்டதும் ஓர் அழுத்தத்துக்கு ஐந்து நொடி என்று ஒழுங்காக வந்தது.

ஷிஃப்டோடு சேர்த்து அழுத்தினால் பதினைந்து நொடி என்று பிறகு இன்னொன்றும் அமைத்துக்கொண்டேன். கச்சான், வாடை, கொண்டல் என்று ஒரு முதியவர் காற்றுகளை அடுக்கிய பகுதியை, மௌஸைத் தொடாமல் நான்கு முறை கேட்டு எழுதி முடித்தேன்.