சந்நிதியில் சொல்லப்பட்ட நட்சத்திரம்

கொழும்பில் அம்மாவின் மனத்துக்கு மிக நெருக்கமான கோயில் கொச்சிக்கடை ஸ்ரீ பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலேயே கோயில்கள் இருந்தும், வெள்ளிக்கிழமைகளில் காலி வீதியில் பஸ் பிடித்து நகரத்தின் மறுகோடிக்குப் போய் வந்தால்தான் அவருக்கு மனம் ஆறும். பொன்னம்பல முதலியார் 1857இல் எழுப்பிய அந்தக் கோயிலை, அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கிக் கருங்கல்லால் புதிதாகக் கட்டுவித்தார். உள்ளே நுழையும்போதெல்லாம், "தகப்பன் வைத்த கோயிலை மகன் கல்லாக்கினார், பிள்ளை எண்டால் அப்பிடி இருக்க வேணும்" என்று அம்மா எனக்கும் தம்பிக்கும் சொல்லுவார். சிறுவயதில் பெருமையோடு கேட்ட அந்த வார்த்தை, அவர் மறைந்த பிறகு என்னைக் குத்தும் முள்ளாகியிருந்தது.

2019 கார்த்திகை மாதத்தில் தொலைபேசியில், "இந்த முறை திருவெம்பாவைக்கு வா பிள்ளை" என்று அம்மா கேட்டார். ரொறன்ரோவில் வேலைத்தலத்தில் லீவு எடுப்பது சிரமம் என்று சொல்லி, ஆடி வேல் விழாவுக்கு வருகிறேன் என்றேன். பங்குனியில் கட்டுநாயக்கா விமான நிலையம் பயணிகளுக்கு மூடப்பட்டது. வைகாசியில் அம்மா உறக்கத்திலேயே போய்விட்டார். தம்பி கொள்ளி வைத்ததைக் கைத்தொலைபேசித் திரையில்தான் பார்த்தேன். விமான நிலையம் மறுபடி திறந்தது 2021 ஜனவரியில். கொரோனாக் காலத்தில் எத்தனையோ பேருக்கு இதுதான் நடந்தது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். அது பூட்டப்பட்டது என் பிழையல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் அம்மா கூப்பிட்ட மார்கழியில் அது திறந்துதான் கிடந்தது.

2022இல் திவசத்துக்கு வந்தபோதும் கொச்சிக்கடைப் பக்கம் போக எனக்குத் துணிவு வரவில்லை. கடந்த மார்கழியில்தான், தவறவிட்ட திருவெம்பாவைக்கென்றே வந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு சைவ மங்கையர் வித்தியாலயத்தில் படித்த தோழி, விடியற்காலை நாலரை மணிக்கு ஓட்டோவோடு வீட்டு வாசலில் நின்றாள்.

வெயில் ஏறிய பிறகு அந்தக் கோயிலைப் பார்ப்பவர்களுக்கு விடியற்காலையில் அது தரும் அமைதி தெரியாது. மின்விளக்கு இருந்தும், கருங்கல் வெளிச்சத்தைத் தனக்குள் இழுத்துக்கொள்வதால், தூண்களுக்கிடையில் எண்ணெய் விளக்குகளின் சுடர் மட்டுமே தனித்துத் தெரியும். வெறுங்காலில் கல்லின் குளிர் கணுக்கால்வரை ஏறும். சங்கொலியும் சேமக்கலத்தின் ஓசையும் கல்லில் மோதித் திரும்பிவர, மண்டபத்தில் நின்றவர்கள் திருவெம்பாவையின் இருபது பாடல்களையும் ஒருவர் குரலை ஒருவர் தாங்கிப் பாடினார்கள். அம்மா வழக்கமாகச் சாய்ந்து நிற்கும் தூணில் என் கையை வைத்தேன். பலருடைய தோள்கள் பட்டுப்பட்டு, அந்த உயரத்தில் மட்டும் கல் எண்ணெய் பூசியதுபோல வழவழத்துக் கிடந்தது.

தேங்காய், வெற்றிலை, கதலிப்பழம், கற்பூரம் வைத்த தட்டோடு அர்ச்சனைக்குச் சென்றோம். குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டபோது, பழக்கத்தில் அம்மாவின் பெயர்தான் வாய்க்கு வந்தது. அர்ச்சனை இருப்பவர்களுக்கு உரியது என்பது உறைத்ததும் அடுத்த சொல் எழாமல் தொண்டை அடைத்துக்கொண்டது. வரிசையில் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அப்போது தோழி முன்னே வந்து, என் பெயரைச் சொல்லி, "மிருகசீரிட நட்சத்திரம், சிவகோத்திரம் ஐயா" என்றாள்; தொடர்ந்து என் தம்பி, தம்பி மனைவி, அவர்களின் இரண்டு பிள்ளைகள் என்று ஒருவரும் தவறாமல் நட்சத்திரங்களோடு ஒப்புவித்தாள். என் நட்சத்திரத்தை நான் ஒருநாளும் அவளுக்குச் சொன்னதில்லை.

பூசை முடிந்து வெளிமண்டபத்தில் இருந்தபோது கேட்டேன். 2019 ஏப்ரல் 21இல் பக்கத்திலுள்ள அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு, அம்மாவைத் தனியே அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லையாம். சில வாரங்கள் கழித்து அம்மா மறுபடி கோயிலுக்குப் போகத் தொடங்கியபோது, ஊரடங்கு வரும்வரை எல்லா வெள்ளிக்கிழமையும் கூடவே போயிருக்கிறாள். "உன்ரை பேரைத்தான் அன்ரி முதல் சொல்லுவா. கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாப் போச்சுதடி" என்றாள். நான் வரவில்லை என்று சொன்ன பிறகும் அப்படித்தானா என்று கேட்டேன். "அதுக்குப் பிறகும்தான்" என்றாள்.

நெடுநேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. ஐந்து ஆண்டுகளாக அம்மாவின் கடைசி மார்கழியை நான் இல்லாத மார்கழியாக மட்டுமே எண்ணி அழுதிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமைகளில் என் பெயர் இந்தச் சந்நிதியில் அம்மாவின் வாயால் ஒலித்துக்கொண்டிருந்ததும், அவர் கைப்பிடித்து இந்தப் படி ஏற்ற ஒருத்தி இருந்ததும் என் எண்ணத்தில் வரவேயில்லை. போகாமல் விட்டது போகாமல் விட்டதுதான்; அதை இல்லையென்று ஆக்க முடியாது. ஆனால் அந்தக் குற்ற உணர்வைக் கட்டிக்கொண்டு அழுததில், நன்றி சொல்ல வேண்டிய மனிதரை எல்லாம் மறந்திருந்தேன் என்பதை எண்ணிப் பார்த்தபோதுதான் வெட்கமாக இருந்தது.

அன்று இரவு தம்பியோடும் அவன் மனைவியோடும் சாப்பிட இருந்தபோது, ஊரடங்கு நாட்களில் அம்மாவுக்கு மருந்து வாங்க அவர்கள் பட்ட பாட்டை முதன்முறையாக முழுதாகக் கேட்டேன். இதுவரை அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் என் துக்கம் பெரிதென்று நான் எழுந்து போயிருக்கிறேன். தம்பி மனைவியின் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது, "என்ன மச்சாள் இது, மாமி எனக்கும் அம்மா தானே" என்று சொல்லி, என் கோப்பையில் இன்னொரு இடியப்பத்தை வைத்தார்.

திருவாதிரையன்று விடியற்காலையில் எல்லோரும் சேர்ந்து கொச்சிக்கடைக்குப் போனோம். நடராசப் பெருமானின் அபிடேகம் கண்டு தொழுதபின், தட்டை இம்முறை நானே ஏந்திச் சென்று, முதலில் என் தோழியின் பெயரைச் சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார். முதல்நாள் மாலை அவளிடம் கேட்டு மனத்தில் பதித்து வைத்திருந்தேன்.

"அனுஷம் ஐயா" என்றேன்.